பஸ் வராத பாதைக்கு அறிவுரை எதற்கு?

கைத்தொலைபேசியிடம் "பதுளைக்கு எப்படிப் போகலாம்?" என்று கேட்டால் அது வழியைச் சொல்வதோடு நிற்காது. "காரை விட்டு ரயிலில் போனால் இத்தனை கிலோ காபன் மிச்சமாகும்" என்று கனிவாக எடுத்துச் சொல்லும். கேட்டவர் மனம் மாறி ரயிலேறுவார். இப்படிப் பல கோடிப் பேர் மாறினால் பூமியின் சூடு தணியும். சுற்றுச்சூழல் கருத்தரங்குகளிலும் தொழில்நுட்ப இதழ்களிலும் சில ஆண்டுகளாகவே இந்த நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. கூகுளின் ஜெமினி, அமேசனின் அலெக்சா, ஆப்பிளின் சிரி போன்ற குரல் உதவியாளர்கள் மனிதரின் காதருகில் இருப்பதால், பசுமைப் பயணத்துக்கு அவற்றைவிடச் சிறந்த தூதர் கிடையாது என்பது வாதம். இலங்கையில் டிஜிட்டல் பொருளாதாரம் பற்றிப் பேசுகிறவர்களும் இப்போது இதே தொனியில் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

இந்த வாதம் அடிப்படையிலேயே பிழையானது. மக்கள் புகை கக்கும் வாகனத்தில் ஏறுவது அறியாமையாலும் அசட்டையாலும்தான் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. முன்னால் இரண்டு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன, நல்லதைக் காட்டிவிட்டால் மனிதர் அதில் நடப்பார் என்று எண்ணுகிறது. ஒரே ஒரு வழி மட்டும் உள்ளவருக்கு, அல்லது அதுவும் இல்லாதவருக்கு, இந்தக் குரல் என்ன சொல்லப் போகிறது என்ற கேள்வியை அது கேட்டதே இல்லை. ஊவா மலைகளில் ஹாலிஎலவில் நின்று கேட்டால் அந்தக் கேள்வி தட்ட முடியாததாகிவிடும்.

வரைபடத்தைப் பார்த்தால் ஹாலிஎலவுக்குப் போக்குவரத்துக் குறையே இருக்கக்கூடாது. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளைக்கும் அங்கிருந்து செங்கலடிக்கும் போகிற ஏ5 வீதி ஊருக்குள்ளால் போகிறது. பெரகலையிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை தாண்டி வரும் ஏ16 வீதி வந்து முடிவதும் இங்கேதான். கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் மலையக ரயில் பாதையில் பதுளைக்கு முந்திய நிலையம் ஹாலிஎல; 1924 ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. பதுளை நகரம் ஏழெட்டுக் கிலோமீற்றர் தூரம்தான். இந்தத் தகவல்களை மட்டும் கணினியில் போட்டால், பொதுப் போக்குவரத்து நிறைந்த ஊர் என்று அது சான்றிதழே கொடுத்துவிடும்.

ஊர் சந்தியோடு முடிந்துவிடவில்லை. உனுகலை, தெமோதரை, உடுவரை என்று சுற்றுவட்டாரமெங்கும் தேயிலை மலைகள். மலைக்குள்ளே டிவிஷன்கள், டிவிஷனுக்குள்ளே தொழிலாளர் வாழும் லயங்கள். சம்பளம் போட்டதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎல சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால் விஷயம் விளங்கும். பதுளையில் சாமான் வாங்கிக்கொண்டு பெண்கள் மெயின் ரோட்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒரு கையில் அரிசி மூட்டை, மற்றதில் கோதுமை மாவும் பருப்பும் தேங்காயும் அடைத்த பை, இடுக்கில் பிள்ளைக்கு வாங்கிய சப்பாத்துப் பெட்டி. லயத்துக்கு ஏறும் பாதைகள் பலவற்றில் பஸ் கிடையாது. சில பாதைகளில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அந்த ஒன்றும் அடைமழையில் வராது, ரிப்பேர் என்றாலும் வராது. ஆகவே ஒரே பக்கம் போகிற நான்கைந்து பேர் சேர்ந்து ஆட்டோ ஒன்றை ஹயர் பிடிப்பார்கள். மூட்டைகள் காலடியில், பிள்ளைகள் மடியில். ஹயர் காசைப் பங்கு போட்டாலும் நாட்சம்பளத்தில் கணிசமான துண்டு அதிலேயே போய்விடும். காசு போதாதவர் சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ஏறுவார்.

இந்த ஆட்டோப் பயணத்தை ஆளுக்கு இத்தனை கிராம் காபன் என்று வகுத்துப் பார்த்தால், உலகத்தில் மிகச் சிக்கனமான மோட்டார்ப் பயணங்களில் ஒன்றாக அது தேறும். நடந்து ஏறுகிறவரின் கணக்கில் காபனே இல்லை. இவர்களிடம் பேச வருகிற குரல் எதைத் திருத்தப் போகிறது? ஆட்டோவில் ஏறாதே என்றா? பஸ்ஸுக்குக் காத்திரு என்றா? வராத பஸ்ஸுக்கு அவர்கள் ஏற்கெனவே காத்திருந்து பார்த்தவர்கள்.

இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியேற்றும் காபனீரொட்சைட் ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி நாலரைத் தொன்னைத் தாண்டும். அமெரிக்கரின் பங்கு பதினான்கு தொன் அளவில் இருக்கிறது. இலங்கைக்குள்ளும் லயத்தில் வாழ்பவரின் பங்கு அந்த ஒரு தொன்னுக்குக் கிட்டவும் வராது. வீட்டில் கார் இல்லை, விமானப் பயணம் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற ஒருவருக்கு வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை. 2024 செப்டெம்பரில் வந்த வர்த்தமானியின்படி நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதை 1,750 வரை கொண்டுபோவதாக 2026 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் சொல்லிற்று. இந்தச் சம்பளத்தில் வாழ்பவர் பசுமையை விரும்பித் தேர்ந்தவர் அல்ல. வேறு வழியில்லாமல் அப்படி வாழ்கிறவர். 1823 இலிருந்து தொடங்கும் மலையகத் தமிழரின் வரலாறே கால்நடையாக ஆரம்பித்ததுதான். இருநூறாண்டு நிறைவை ஒட்டி 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தது அந்த முன்னோரின் பாதையை நினைவுகூரத்தான். நடப்பதன் நன்மையை இந்தச் சமூகத்துக்கு ஒரு இயந்திரம் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

இந்த வாதத்தின் பிறப்பிடத்தையும் பார்க்க வேண்டும். தனிமனிதரின் காபன் தடம் என்ற எண்ணம் வீடுதோறும் பரவியதில் பிரித்தானிய எண்ணெய்க் கம்பனியான பிபிக்குப் பெரிய பங்குண்டு. 2004 இல் அந்தக் கம்பனி தன் இணையத்தளத்தில் ஒரு கணிப்பானை வைத்து, உங்கள் தடம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள் என்றது. எண்ணெய் தோண்டி விற்கிறவர் ஒதுங்கிக்கொள்ள, அதை எரிக்கிறவர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். குரல் உதவியாளர் வழி வரும் பசுமை அறிவுரையும் அதே கூண்டைத்தான் இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது. பயணியின் காதுக்குள் பேசுகிற குரல் பஸ் கம்பனியின் காதில் பேசுவதில்லை, பாதை போடாத பெருந்தோட்டக் கம்பனியோடு பேசுவதில்லை, அமைச்சரவையோடும் பேசுவதில்லை.

சரி, தெரிவு உள்ளவர்களிடமாவது இந்த மென்மையான தூண்டுதல் வேலை செய்கிறதா? ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008 இல் எழுதிய நூலுக்குப் பிறகு இத்தகைய தூண்டுதல்கள் அரசுகளின் செல்லப்பிள்ளையாயின. அதன் பிறகு வந்த ஆய்வுகளோ உற்சாகத்தைக் குறைப்பவை. அரியெல்லா கிறிஸ்டலும் ஆஷ்லி வில்லன்ஸும் 2020 இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நேராகப் பொருந்தும். ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர்கள் 68,915 பேரிடம், தனியாகக் காரோட்டி வேலைக்கு வரும் பழக்கத்தைக் குறைக்க ஐந்து கள ஆய்வுகள் நடத்தினார்கள். கடிதம், தனித்தனியான பயணத் திட்டம், சேர்ந்து பயணம் செய்ய அழைப்பு என்று எல்லாம் செய்து பார்த்தார்கள். பழக்கம் மாறவில்லை. ஐந்தும் தோல்வி என்பதைத் தலைப்பிலேயே நேர்மையாக எழுதினார்கள்.

2022 இல் ஸ்டெஃபனோ டெல்லாவிஞ்ஞாவும் எலிசபெத் லினோஸும் செய்த கணக்கு இன்னொரு வாசலைத் திறக்கிறது. கல்வி இதழ்களில் வெளியான தூண்டுதல் ஆய்வுகளில் சராசரி மாற்றம் நூற்றுக்கு 8.7 புள்ளி. அதே வகை முயற்சிகளை அமெரிக்காவின் தூண்டுதல் பிரிவுகள் பெருந்தொகை மக்களிடம் செய்தபோது கிடைத்தது 1.4 புள்ளி. வெற்றி கண்டவை அச்சேறுகின்றன, தோற்றவை அலுமாரிக்குள் உறங்குகின்றன. அதே ஆண்டில் மக்ஸிமிலியன் மாயரும் சகாக்களும் அந்தச் சாய்வைக் கழித்துப் பார்த்தபோது, தூண்டுதலின் பயனுக்குச் சான்று எஞ்சவில்லை என்று எழுதினார்கள். கடிதத்தாலும் மின்னஞ்சலாலும் அசையாத மனிதர் குரலால் அசைவார் என்பதற்கு என்ன ஆதாரம்? குரல் புதிது என்பதைத் தவிர வேறொன்றும் காட்டப்படவில்லை.

மறுதரப்பின் வலுவான சான்றைத் தள்ளிவிட்டுப் போவது நியாயமாகாது. கூகுள் மப்ஸ் 2021 ஒக்டோபரில் அமெரிக்காவில் எரிபொருள் குறைவாகச் செலவாகும் வழிக்கு இலைச் சின்னம் போட்டுக் காட்டத் தொடங்கியது. பின்னர் ஐரோப்பா, இந்தியா என்று பரவியது. 2023 முடிவுக்குள் 29 லட்சம் தொன்னுக்கு மேல் வெளியேற்றம் தவிர்க்கப்பட உதவியதாக அந்தக் கம்பனி கணக்குச் சொல்கிறது. சிறிய தொகை அல்ல. ஆனால் அது யாருடைய மிச்சம் என்று பார்க்க வேண்டும். காரில் போகிறவர் காரிலேயே இருக்கிறார். ஒரு வீதிக்குப் பதில் இன்னொரு வீதியால் போகிறார். காரை விட்டு இறங்கிய கதை அதில் இல்லை. இன்னொன்றும் உண்டு. 2019 க்கும் 2023 க்கும் இடையே கூகுளின் சொந்த வெளியேற்றம் நூற்றுக்கு 48 கூடியது என்று அதே கம்பனியின் அறிக்கை ஒப்புக்கொள்கிறது. தரவு மையங்களின் மின்சாரமும் வழங்கல் சங்கிலியும் காரணம் என்கிறது. அறிவுரை கேட்க வேண்டிய இடம் எது என்பதை இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காட்டுகின்றன.

2024 இல் கூகுள் மப்ஸ் இன்னொரு படி போனது. காருக்கு வழி கேட்பவருக்கு, கிட்டத்தட்ட அதே நேரத்தில் பஸ்ஸிலோ ரயிலிலோ நடந்தோ போக முடியுமென்றால் அதையும் பக்கத்தில் காட்டத் தொடங்கியது. முதலில் அறிவித்த நகரங்களில் ஆம்ஸ்டர்டாம், பார்சிலோனா, லண்டன், மொன்றியல், பாரிஸ், ரோம், சிட்னி ஆகியன அடங்கும். நிலக்கீழ் ரயிலும் அடிக்கடி ஓடும் பஸ்ஸும் உள்ள ஊர்கள் அவை. பச்சை வழி முதலில் மண்ணில் போடப்பட வேண்டும், பிறகுதான் இயந்திரம் அதைச் சொல்லும் என்பதைச் செயலியைக் கட்டியவர்களே இந்தப் பட்டியலால் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அறிவுரையை மட்டும் பிரித்தெடுத்து ஊவாவுக்கு அனுப்ப நினைப்பவர்கள்தான் அதைக் கவனிக்கவில்லை.

இலங்கை மக்கள் பயணப் பழக்கத்தை ஒரே ஆண்டில் தலைகீழாக மாற்றிக்கொண்ட அனுபவம் இருக்கிறது. 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் வரை போனது. நாட்கணக்கில் வரிசை. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டு க்யூஆர் அட்டை வந்தபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று அளவு வைத்தார்கள். ரயில்கள் பிதுங்கின, துவிச்சக்கர வண்டிக்குக் கிராக்கி வந்தது, கந்தோருக்குப் போகிறவர்கள் சேர்ந்து போகக் கற்றுக்கொண்டார்கள். எந்தக் குரலும் காதில் ஓதவில்லை. அது மக்களை வதைத்த காலம், ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர் கையில் காசில்லாமல் தவித்த காலம். அதை யாரும் முன்மாதிரி என்று கொண்டாடக் கூடாது. ஆனால் பயணத்தை மாற்றுவது விலையும் அளவும் வாகனம் கிடைப்பதும்தான் என்பதை அது ஐயமறக் காட்டியது. 2023 செப்டெம்பரில் அட்டை போனது. தனியார் வாகன இறக்குமதிக்கு 2020 இல் விழுந்த தடை 2025 பெப்ரவரியில் நீங்கியது. அந்த ஓராண்டுக்குள்ளேயே வாகனங்களுக்காக நாட்டை விட்டுப் போன அந்நியச் செலாவணி நூறு கோடி டொலரைத் தாண்டியது. ஒரு கோப்பில் இடப்பட்ட கையெழுத்து செய்ததை ஈடுகட்ட எத்தனை ஆயிரம் குரல் உதவியாளர்கள் எத்தனை ஆண்டு பேச வேண்டும்?

ரயிலை எடுத்துக்கொள்வோம், பசுமைப் பேச்சின் கதாநாயகன் அதுதான். மலைக்கு ரயில் வந்தது பயணிகளுக்காக அல்ல, முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும். ஸ்டோரில் அடைத்த தேயிலைப் பெட்டிகள் ரயிலேறிக் கொழும்புக்குப் போயின. இன்று தேயிலை லொறியில் போகிறது. ஊவாவின் வீதிகளில் டீசல் புகைக்கு இது எவ்வளவு பெரிய காரணம் என்பது வளைவுகளில் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட எவருக்கும் தெரியும். சரக்கை ரயிலிலிருந்து லொறிக்கு மாற்றிய முடிவைத் தொழிலாளி எடுக்கவில்லை. அந்த முடிவை எடுத்தவர்களிடம் எந்தச் செயலியும் இலைச் சின்னம் காட்டுவதில்லை.

பயணிகள் ரயிலும் உள்ளூராரின் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. எல்ல ஊரும் ஒன்பது வளைவுப் பாலமும் உலகப் புகழ் பெற்றபின் முன்பதிவுப் பெட்டிகள் சுற்றுலாப் பயணிகளுக்கே போதவில்லை. இணையத்தில் முன்பதிவு திறந்து ஒரு நிமிடம் ஆவதற்குள் சீட்டுகள் தீர்ந்துபோவதும், அவை கறுப்புச் சந்தையில் பல மடங்கு விலைக்கு விற்கப்படுவதும் 2025 தொடக்கத்தில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணைக்கே போனது. ஹாலிஎலவில் ஏறியவர் மூன்றாம் வகுப்பில் நின்றபடிதான் போனார். நாளுக்கு ஒரு சில ரயில்கள்தான் இருந்தன. கொழும்புக்குப் பத்து மணித்தியாலம் வரை எடுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறவருக்கோ பதுளையில் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்குகிறவருக்கோ அந்த நேரங்கள் ஒத்துவர வேண்டுமே. "ரயிலில் போங்கள்" என்று சொல்வது சுலபம். எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்டால் அறிவுரை அங்கேயே நின்றுவிடும்.

பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பதுளை மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. மலைச் சரிவுகள் லயங்களோடும் வீடுகளோடும் இறங்கின. மலையக ரயில் பாதை இடத்துக்கிடம் பிளந்து, அடிமண் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. கொழும்பிலிருந்து வரும் ரயில் நின்றது. காலநிலை மாற்றத்துக்கு ஆகக் குறைவாகப் பங்களித்தவர்கள் அதன் அடியை ஆக முதலில் வாங்குகிறார்கள் என்று மாநாடுகளில் பொதுவாகச் சொல்வார்கள். ஊவாவில் அதற்கு ஊர்ப் பெயர்கள் உண்டு. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டக் குடியிருப்பு மண்ணுக்குள் போனது. அந்தச் சரிவு அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்களைக் குடியமர்த்தக் காணி கொடுக்கப்படவில்லை. தகவல் இருந்தும் வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று ஊவாவில் இல்லை. பயணத்திலும் அதே தர்க்கம்தான் ஓடுகிறது.

வீதிகளின் நிலையும் அப்படித்தான். 2021 மார்ச் 20 இல் பசறை 13 ஆம் கட்டையில் லுணுகலையிலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் உருண்டு குறைந்தது 14 பேர் இறந்தார்கள். மலையிலிருந்து சரிந்த பெரும் பாறை வீதியில் கிடந்து, பாதை அந்த இடத்தில் ஒடுங்கியிருந்தது. பொதுப் போக்குவரத்தில் ஏறுங்கள் என்று மக்களைக் கூப்பிடுமுன் அந்தப் பஸ் பத்திரமாகப் போய்ச் சேரும் என்ற உறுதி வேண்டும். ஊவாவில் தாய்மார் பிள்ளையை பஸ்ஸில் அனுப்பத் தயங்கினால் அது சுற்றுச்சூழல் அறியாமை ஆகாது.

மொழி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கூகுளின் குரல் உணர்வு தமிழை எடுத்துக்கொள்கிறது, இலங்கைத் தமிழுக்கென்று தனிக் குறியீடும் வைத்திருக்கிறது. ஜெமினியின் நேரடி உரையாடல் 2024 இல் தமிழுக்கும் வந்தது. நல்ல முன்னேற்றம். ஆனால் சிங்கள ஊர்ப்பெயரும் ஆங்கிலத் தோட்டப்பெயரும் கலந்து, மலையக வழக்கில் வேகமாகப் பேசும் ஒருவரை அது எவ்வளவு பிடிக்கும்? அமெரிக்காவில் ஆங்கிலத்துக்கே இந்தச் சிக்கல் உண்டு. ஐந்து பெரிய கம்பனிகளின் குரல் உணர்வை 2020 இல் அலிசன் கொனெக்கெயும் சகாக்களும் சோதித்தபோது, வெள்ளையர் பேசிய நூறு சொல்லில் 19 பிழைத்தன. கறுப்பினத்தவர் பேசியதில் 35 பிழைத்தன. கோடிக்கணக்கானோர் பேசும் ஆங்கிலத்தின் ஒரு வழக்குக்கே இந்தக் கதியென்றால், சில லட்சம் பேரின் மலையகத் தமிழ் வரிசையில் எங்கே நிற்கும்? தவிர, இயந்திரம் பேசுவது அதற்கு ஊட்டப்பட்ட நேர அட்டவணையிலிருந்து. தோட்டப் பாதை பஸ் எப்போது வரும், இன்று வருமா என்ற அறிவு சந்திக் கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும்தான் இருக்கிறது.

குரல் தொழில்நுட்பத்தையே வேண்டாம் என்பது இங்கே வாதமல்ல. பலகையில் சிங்களத்தில் எழுதியதை வாசிக்கத் தெரியாத மூதாட்டிக்கு, "இந்த பஸ் எங்கே போகிறது?" என்ற கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லும் கருவி பெரிய உதவி. மலைச்சரிவு அபாய அறிவிப்பு நள்ளிரவில் லயத்துத் தமிழில், உரிய நேரத்தில் ஒலித்தால் உயிர்கள் தப்பும். டித்வா நாட்களில் தமிழ் எச்சரிக்கைகள் பிந்தி வந்தன, சில இடங்களுக்கு வரவே இல்லை என்ற முறைப்பாடு பலமாக எழுந்தது. அந்த வேலைகளுக்குக் குரல் வரட்டும், உடனே வரட்டும். அதில் போட வேண்டிய பணத்தையும் மூளையையும் ஏழைப் பயணிக்குக் காபன் பாடம் நடத்தப் போடுவதைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

பஸ் ஏன் தோட்டத்துக்கு ஏறுவதில்லை என்பதில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. தனியார் பஸ்ஸின் சாரதியும் கொண்டக்டரும் அன்றன்றைய கலெக்ஷனை நம்பிப் பிழைக்கிறார்கள். முதலாளிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டி, டீசல் அடித்து, மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியும். ஆகவே பஸ் நிறையும் வரை ஸ்டாண்டில் நிற்கிறது. நிறைந்ததும் அடுத்த பஸ்ஸை முந்தப் பறக்கிறது. குழியும் கல்லுமாகக் கிடக்கும் தோட்டப் பாதையில் ஏறினால் ஸ்ப்ரிங் தகடு உடையும், டயர் தேயும், ஆள் கொஞ்சமாகத்தான் ஏறுவார்கள். அந்தப் பாதையை யார் பராமரிப்பது என்பதில் தோட்டக் கம்பனியும் பிரதேச சபையும் ஒருவரையொருவர் கைகாட்டுவது பழைய கதை. 1958 இல் பஸ் சேவையை அரசு கையில் எடுத்தபோது, இலாபமில்லாத பாதைக்கும் பஸ் விடும் கடமை அதோடு வந்தது. மலையகத்தார் இன்றும் சிடிபி பஸ் என்றே கூப்பிடும் அந்தச் சேவை, பஸ்ஸும் ஆளும் குறையக் குறைய முதலில் வெட்டியது இந்தக் கடைசிப் பாதைகளைத்தான். இத்தனை முடிச்சுகளில் ஒன்றையாவது பயணியின் போனுக்குள்ளிருந்து அவிழ்க்க முடியுமா?

பக்கத்து நாட்டின் ஒரு மாநிலத்தில் அவிழ்த்துக் காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாடு 2021 மேயில் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. அந்தப் பேருந்துகளில் பயணிகளில் பத்தில் நான்கு பேராக இருந்த பெண்கள் ஆறு பேருக்கு மேலாகிவிட்டார்கள். மாதத்துக்கு ஒரு பெண் சராசரியாக 888 இந்திய ரூபாய் மிச்சம் பிடிக்கிறார் என்று மாநிலத் திட்டக்குழு கண்டது. 2024 இல் திட்டம் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைகளுக்கும் நீட்டப்பட்டது. நீலகிரி என்ற பெயர் ஹாலிஎலவில் சும்மா கடந்துபோகிற பெயரல்ல. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் ஊவாவிலிருந்து இந்தியாவுக்குப் பிரிந்துபோன குடும்பங்கள் கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் இருக்கின்றன. அவர்களைக் குடியமர்த்தவே தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. ஒரே தாத்தாவின் பேத்திகளில் ஒருத்தி அங்கே கொழுந்தெடுத்துவிட்டுக் கட்டணமில்லாமல் பஸ்ஸேறுகிறாள். இன்னொருத்தி இங்கே ஹயர் காசுக்குப் பங்காளி தேடிச் சந்தியில் நிற்கிறாள். இருவருக்கும் இடையிலான வித்தியாசம் சுற்றுச்சூழல் அக்கறையில் இல்லை.

ஜெர்மனி 2022 ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மாதம் 9 யூரோவுக்கு நாடெங்கும் உள்ளூர் பஸ்ஸிலும் ரயிலிலும் போகவிட்டது. ஐந்து கோடிக்கு மேல் சீட்டுகள் விற்றன. அவற்றால் நடந்த பயணங்களில் பத்தில் ஒன்று காரை மாற்றியது என்றும், மூன்று மாதத்தில் 18 லட்சம் தொன் காபன் தவிர்ந்தது என்றும் போக்குவரத்து நிறுவனங்களின் சங்கம் மதிப்பிட்டது. பத்தில் ஒன்று குறைவுதான் என்று குறைசொன்னவர்கள் உண்டு. ஆனால் அது நடந்தது மூன்றே மாதத்தில், கட்டணத்தைக் குறைத்ததால், யாருக்கும் உபதேசம் செய்யாமல்.

"இரண்டையும் செய்யலாமே, அறிவுரையும் இருக்கட்டும், பஸ்ஸும் வரட்டும்" என்று சமரசம் பேசுவார்கள். கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் முதலாவது மலிவு, இரண்டாவது செலவு. மலிவானது செய்துமுடித்த திட்டமாக அறிக்கையில் ஏறிவிடும். செலவானது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அதற்குள் பழி பயணியின் தலையில் இறங்கியிருக்கும்: சொன்னோம், அவர்கள்தான் கேட்கவில்லை. மீரியபெத்தவுக்குப் பிறகும் அந்த வசனம் ஊவாவில் கேட்டதுதான். எச்சரித்தோம், அவர்கள்தான் போகவில்லை. எங்கே போவது என்பதற்கு அன்றும் பதில் தரப்படவில்லை.

செய்ய வேண்டியதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் இலாபமில்லாத கிராமப் பாதைகளுக்கு அரசு மானியத்தில் பஸ் விடும் கமி செரிய என்ற திட்டம் இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிசு செரிய, இரவுப் பயணத்துக்கு நிசி செரிய. மாகாணத்துக்குள் தனியார் பஸ்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது மாகாண அதிகாரசபை. மெயின் ரோட்டில் ஓட அனுமதி கேட்கிறவருக்கு, காலையில் பாடசாலை நேரத்துக்கும் மாலை இருட்டிய பின்னும் தோட்டப் பாதை ஒன்றில் ஓட வேண்டும் என்று அந்தப் பத்திரத்திலேயே நிபந்தனை வைக்க அதனால் முடியும். பாதையைச் செப்பனிடும் பொறுப்பு யாருடையது என்று கம்பனியையும் பிரதேச சபையையும் ஒரே மேசையில் இருத்தி எழுதி வாங்க மாவட்டச் செயலகத்தால் முடியும். டித்வாவில் சிதைந்த ரயில் பாதை சரியாகி முழுதாக ஓடும்போது, பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையே வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர் நேரத்துக்குக் காலையும் மாலையும் ஒரு உள்ளூர் ரயில் விட ரயில்வே திணைக்களத்தால் முடியும். ஹாலிஎலவைச் சுற்றியுள்ள எத்தனை தோட்டப் பாதைகள் கமி செரிய பட்டியலில் இருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன, விடுபட்டவை எந்த மாதத்தில் சேரும் என்று பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் மலையகப் பிரதிநிதிகள் எழுந்து கேட்க வேண்டும். பதிலைத் தமிழில் எழுத்தில் வாங்க வேண்டும்.